பரணில் வேகும் ஒயின்

நாசிக்கின் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் புனே தம்பதி. கையில் மூன்று பாட்டில் சிவப்பு ஒயின். வீட்டுக்குள் நுழைந்ததும் எழும் முதல் கேள்வி, இதை எங்கே வைப்பது? ஹால் ஷோகேஸில் வைத்தால் அடுத்த வாரம் வரப்போகும் பெரியவர்கள் கண்ணில் படும். ஃபிரிட்ஜில் இடமில்லை. கடைசியில் பாட்டில்கள் பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டுச் சமையலறைப் பரணுக்குப் போகின்றன. ஒரு கோடை கழிகிறது. திருமண நாளன்று ஆசையாகத் திறந்தால், கோப்பையில் விழுவது பழுப்பேறிய, வெந்த உலர் திராட்சை வாசம் அடிக்கும் திரவம். பழி நாசிக்கின் மீது விழுகிறது. உண்மைக் குற்றவாளி பரண்.

புனேயில் மட்டுமல்ல, பெங்களூரு, குர்காவ், நாக்பூர் என்று பல ஊர்களின் ஃபிளாட்டுகளில் நடக்கும் கதை இது. ஒயின் இந்திய நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. மகாராஷ்டிரத்தில் நாராயண்காவ் 1980களில் நுரைக்கும் ஒயினுக்குப் பெயர் வாங்கியது. 1988-ல் பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் நிறுவனம் பிறந்தது. 1999-ல் நாசிக்கில் ராஜீவ் சாமந்தின் சூலா வந்தது. மகாராஷ்டிர அரசு 2001-ல் ஒயினுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. கர்நாடகம் 2007-ல் பின்தொடர்ந்தது. திராட்சையை வளர்க்கவும் பிழியவும் கற்றுக்கொண்டாகிவிட்டது. வாங்கி வந்த பாட்டிலை வைக்கும் இடத்தில்தான் தடுமாற்றம்.

காரணம் எளிது. ஒயினைப் பற்றிய அறிவுரைகள் எல்லாம் குளிர் நாடுகளிலிருந்து வந்தவை. அங்கே வீட்டுக்கு அடியில் நிலவறை உண்டு. ஆண்டு முழுவதும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ். இருட்டு, அசைவற்ற அமைதி, மிதமான ஈரப்பதம். ஒயினுக்கு வேண்டியது இவை நான்கும்தான். இந்தியச் சமையலறையோ நான்குக்கும் நேர் எதிர். அடுப்பின் அனல், ட்யூப் லைட், மிக்ஸியின் அதிர்ச்சி, ஜன்னல் வழியே மாலை வெயில்.

இவற்றில் முதல் எதிரி வெப்பம். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதி மாற்றங்களின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழைய பாடம். ஆண்டுக் கணக்கில் நடக்க வேண்டிய மூப்பு, 35 டிகிரியில் மாதக் கணக்கில் முடிந்துவிடுகிறது. அதுவும் அவலட்சணமாக. புதுப்பழ வாசம் போய் வெந்த வாசம் வருகிறது. கூடவே இன்னொரு சேதம். பகலில் சூடேறும் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளுகிறது. இரவில் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. இப்படி நாள்தோறும் பாட்டில் 'மூச்சு விட்டால்' உள்ளே புகும் ஆக்சிஜன் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். எனவே ஒரே சீரான 22 டிகிரி, பகலில் 35-ம் இரவில் 22-மாக ஊஞ்சலாடும் இடத்தைவிடப் பல மடங்கு மேல்.

அடுத்தது வெளிச்சம். சூரிய ஒளியிலும் சில வகை விளக்குகளிலும் உள்ள புற ஊதாக் கதிர்கள் ஒயினில் கந்தக நாற்றத்தைக் கிளப்பிவிடும். பாட்டில்கள் கரும்பச்சையிலும் பழுப்பிலும் வருவது அழகுக்காக அல்ல. வெள்ளைக் கண்ணாடியில் வரும் ரோஸ் ஒயினுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இந்தக் கணக்கோடு சமையலறையைச் சுற்றிப் பார்த்தால் வழக்கமான இடங்கள் ஒவ்வொன்றாக அடிபட்டுப் போகின்றன. கேஸ் அடுப்புக்கு மேலேயும் பக்கத்திலும் உள்ள அலமாரிகள் கூடவே கூடாது. ஃபிரிட்ஜின் தலை? உள்ளே குளிர்விக்க அது வெளியே தள்ளும் சூடு மேலே ஏறிவந்து பாட்டிலைத் தொடுகிறது, போதாக்குறைக்கு கம்ப்ரஸரின் நடுக்கம். பரண் இன்னும் மோசம். சூடான காற்று மேலே போகும், கடைசி மாடி என்றால் கூரையின் தகிப்பும் சேரும். ஷோகேஸில் விளக்கொளி. பெருமைக்காக வைக்கும் இடம் ஷோகேஸ், கூச்சத்துக்காக ஒளிக்கும் இடம் பரண். இரண்டுமே ஒயினுக்கு ஆகாது.

அப்படியானால் ஃபிரிட்ஜுக்கு உள்ளே? ஆகும், ஆனால் கால வரம்போடு. உள்ளே 4 டிகிரி குளிர், காற்றோ வறண்டது. மாதக் கணக்கில் கிடந்தால் கார்க் காய்ந்து சுருங்கும். திருகு மூடி பாட்டில்களுக்கு அந்தக் கவலை இல்லை. இன்றைய இந்திய ஒயின்களில் பல திருகு மூடியோடுதான் வருகின்றன. நாக்பூர், டெல்லி போல மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் ஊர்களில், ஏ.சி. இல்லாத வீட்டில், கோடை மூன்று மாதமும் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டே பாதுகாப்பான புகலிடம். வெளியே வேகவைப்பதைவிட உள்ளே கொஞ்சம் காய விடுவது மேல்.

மற்ற மாதங்களுக்கும் மற்ற ஊர்களுக்கும் விடை தரைக்கு அருகில் இருக்கிறது. வெளிச்சுவரை ஒட்டாத, வெயில் படாத, அடுப்புக்கு எதிர்மூலையில் உள்ள கீழ்த்தட்டு. அதுவும் இல்லையென்றால் சமையலறையையே மறந்துவிடலாம். படுக்கையறைத் துணி அலமாரியின் அடித்தட்டு, கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டி, மாடிப்படிக்குக் கீழ் உள்ள இருட்டு மூலை, எல்லாமே சமையலறைப் பரணைவிட உத்தமம். கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும், கார்க் நனைந்தே இருக்கும். திருகு மூடி நின்றாலும் கிடந்தாலும் ஒன்றுதான். சந்தேகம் இருந்தால் மருந்துக்கடையிலோ வன்பொருள் கடையிலோ கிடைக்கும் சாதாரண அறை வெப்பமானியை ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நாள் வைத்து, காலையிலும் மதியத்திலும் பார்த்தால் போதும். எந்த இடத்தில் எண் குறைவாகவும் ஆட்டமில்லாமலும் இருக்கிறதோ அதுவே வீட்டின் நிலவறை.

இது ஒன்றும் புது ஞானம் அல்ல. கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும் கிறிஸ்துமஸ் ஒயின் பீங்கான் பரணியில், வாய் துணியால் கட்டப்பட்டு, சாமான் அறையின் இருட்டு மூலையில்தான் இருக்கும். வெப்பமானி பார்த்து வைத்ததல்ல, பாட்டிமார் கைப்பக்குவம்.

வசதி உள்ளவர்கள் ஒயினுக்கென்றே விற்கும் சிறு குளிர்பெட்டியை நாடுகிறார்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. கம்ப்ரஸர் இல்லாத மலிவு மாடல்கள் அறை வெப்பத்தைவிடக் குறிப்பிட்ட அளவுதான் குறைக்கும். 42 டிகிரி அறையில் அவை திணறிவிடும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் எந்தப் பெட்டியானாலும் ஊஞ்சலாட்டம்தான்.

இடம் தேர்வதில் ஒயினின் நலம் மட்டும் கணக்கல்ல. கீழ்த்தட்டு என்றால் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரம். அங்கே பூட்டு அவசியம். சட்டமும் குறுக்கிடும். குஜராத், பிகார், நாகாலாந்தில் மதுவிலக்கு. டெல்லியில் 25 வயது நிறைந்த ஒருவர் வீட்டில் 18 லிட்டர் வரை ஒயினும் பீரும் வைத்துக்கொள்ளலாம், அதாவது 24 பாட்டில்கள். மாநிலத்துக்கு மாநிலம் வரம்பு மாறுகிறது, விசாரித்துக்கொள்வது நல்லது. சாமி படத்துக்கு அடுத்த அலமாரி வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அதற்கும் இடம் கொடுத்தாக வேண்டும். கூடிப் பேசி இடம் பிடித்த பாட்டில், ஒளித்து வைத்த பாட்டிலைவிடப் பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு தவறான நம்பிக்கை, ஒயின் எவ்வளவு பழையதோ அவ்வளவு மேல் என்பது. இந்திய ஒயின்களில் பெரும்பாலானவை இளமையிலேயே குடிப்பதற்காகச் செய்யப்படுபவை. வெள்ளை ஒயினுக்கு ஓரிரு ஆண்டு, சாதாரணச் சிவப்புக்கு இரண்டு மூன்று ஆண்டு. திறந்துவிட்டாலோ கணக்கு நாட்களில். மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள். சிவப்பு ஒயினும் இதற்கு விலக்கல்ல. அதை 'அறை வெப்பநிலை'யில் பரிமாற வேண்டும் என்பார்கள். அந்த அறை ஐரோப்பாவின் 18 டிகிரி அறை, ஆந்திராவின் 38 டிகிரி அறை அல்ல. பரிமாறுமுன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பது மரியாதைக் குறைவல்ல.

ஆக, ஏழெட்டு நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய பாட்டிலுக்கு வேண்டியது கண்ணாடி அலமாரியும் அல்ல, தேக்கு மர ஸ்டாண்டும் அல்ல. இருட்டான ஒரு கீழ்த்தட்டு, ஒரு பூட்டு, அடுத்த கோடைக்குள் திறந்துவிடும் முடிவு. பரணை வழக்கம்போல் பழைய பாத்திரங்களுக்கு விட்டுவிடலாம். அவை வெயிலில் வேகாது.