‘டிகிரி’ என்று மருத்துவர் சொன்னால்

தீக்காயப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்கள் செவிலியரிடம் அடிக்கடி கேட்பது இது: “மூணாம் டிகிரின்னுதானே சிஸ்டர் சொன்னாக? முதல் டிகிரின்னாத்தானே மோசம்? அவன் வலியே இல்லங்கிறான்.” அந்த நிம்மதி தவறானது. ஆனால் தவறு அவர்களுடையதன்று. ‘டிகிரி’ என்னும் சொல் அப்படிப்பட்டது.

ஒரே சொல் இடத்துக்கேற்பப் பொருள் மாறுவது சிவகாசிக்குப் புதிதன்று. ‘மருந்து’ என்பது இங்கே மருத்துவமனையில் ஒன்று, பட்டாசு ஆலையில் வேறொன்று. ‘டிகிரி’யும் அத்தகையதே. அதன் அடிப்படைப் பொருள் ‘படி’. கணக்கில் அது பாகை, கல்லூரியில் பட்டம், காய்ச்சலில் வெப்பத்தின் அளவு. (98.6 டிகிரி பாரன்ஹீட்டும் 37 டிகிரி செல்சியஸும் ஒரே வெப்பந்தான். புதிய வெப்பமானி 37 எனக் காட்டினால் அஞ்ச வேண்டா.) கும்பகோணம் காபிக்கு இப்பெயர் வந்த கதையோ ஆளுக்கொன்றாகச் சொல்லப்படுகிறது.

குழப்பம் எண்களில் தொடங்குகிறது. முதல் வகுப்பு, முதல் பரிசு என்று பழகிய நமக்கு ‘முதல்’ என்பதே பெரிது. அமெரிக்கச் சட்டத்திலும் முதல் டிகிரிக் கொலையே மிகக் கொடியது. தீக்காயத்தில் வரிசை நேர்மாறு: எண் கூடக் கூடக் காயம் ஆழமாகிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் வில்ஹெல்ம் ஃபாப்ரி 1607ஆம் ஆண்டிலேயே தீக்காயங்களை இவ்வாறு மூன்று படிகளாகப் பிரித்து எழுதினார்.

முதல் டிகிரியில் மேல்தோல் மட்டும் சிவந்து எரியும். இரண்டாம் டிகிரியில் கொப்புளம் எழும். வலி கடுமையாக இருக்கும். மூன்றாம் டிகிரியில் தோல் முழு ஆழத்துக்கும் வெந்து, வெளுத்தோ கருகியோ பதனிட்ட தோல்போல் விறைத்துவிடும். வலியை உணர்த்தும் நரம்பு நுனிகளும் அழிந்துவிடுவதால் அவ்விடத்தில் வலி தெரியாது. எனவே, ‘வலி இல்லை’ என்பது அங்கே நற்செய்தியன்று. அத்தகைய காயத்துக்குப் பெரும்பாலும் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

டிகிரி ஆழத்தைச் சொல்கிறது. பரப்பைச் சொல்வது சதவீதம். நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். வளர்ந்தவருக்கு ஒரு கை முழுவதும் 9, ஒரு கால் முழுவதும் 18. ஆகையால் மருத்துவரிடம் இரண்டையும் கேளுங்கள்: எவ்வளவு ஆழம், எவ்வளவு பரப்பு?

ஆழத்தை மருத்துவர் கண்டறிவது பெரிதும் தோலின் நிறத்தைக் கொண்டே. மையும் மஞ்சளும் பற்பசையும் அந்நிறத்தை மறைத்துவிடுகின்றன, நோய்த்தொற்றுக்கும் இடமளிக்கின்றன. காயத்தின்மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள், பனிக்கட்டி வேண்டா. பின்னர்த் தூய துணியால் மூடி, 108ஐ அழையுங்கள்.

முதல்நாள் ‘இரண்டாம் டிகிரி’ என்று சொன்ன மருத்துவர் மூன்றாம் நாள் ‘மூன்றாம் டிகிரி’ என்றால் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டா. தீக்காயம் முதல் இரண்டு மூன்று நாட்களில் மேலும் ஆழமாகக்கூடும். அதனால்தான் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் அவர் மறுபடியும் பார்க்கிறார்.