வாக்மேனா, மொபைலா: எதில் பாட்டு நன்றாகக் கேட்கும்?

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் மதுரை பஸ் கிளம்பும் முன்பே பாதிப் பேர் காதில் இயர்போன் ஏறிவிடும். கொடைரோடு, வாடிப்பட்டி தாண்டி ஆரப்பாளையத்தில் இறங்கும்வரை பாட்டுதான் துணை. தினமும் போய்வருபவர்களுக்கு ஒரு கட்டத்தில் சந்தேகம் வரும்: ‘போன்ல கேக்குறத விட தனி மியூசிக் பிளேயர்ல கேட்டா இன்னும் நல்லா இருக்குமோ?’

சோனி 2023-ல் இந்தியாவில் அறிமுகப்படுத்திய ஏ306 வாக்மேனின் அறிமுக விலை ஏறத்தாழ 26 ஆயிரம் ரூபாய். பலருக்கு அது ஒரு மாதச் சம்பளம். அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பாட்டு காதுக்கு வரும் வழி

போனில் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. ஒரு சிப் அந்த எண்களை மின் அலையாக மாற்றும். ஆம்ப்ளிஃபயர் அதற்கு வலு கொடுக்கும். கடைசியில் இயர்போனில் இருக்கும் சின்னத் தகடு அதிர்ந்து காற்றை அசைக்கும். இந்தச் சங்கிலியில் இன்று மிகக் குறைவாகத் தப்பு செய்வது சிப்தான். நடுத்தர விலை மொபைலில் இருக்கும் சிப்பும்கூடப் போடும் இரைச்சல் பெரும்பாலும் காதுக்கே எட்டாது.

அதிகம் மாறுவது இயர்போன். ஒரே போனில் இரண்டு இயர்போனை மாற்றி மாட்டினால் வித்தியாசம் யாருக்கும் தெரியும். ஒரே இயர்போனை இரண்டு போனில் மாட்டினால் கண்டுபிடிப்பது கஷ்டம். பெரிய ஹெட்போனை ஓட்டக் கூடுதல் சக்தி வேண்டும், போன் கால் குறுக்கே வரக்கூடாது, 3.5 மி.மீ. துளை வேண்டும் என்பவர்களுக்குத் தனி பிளேயர் நியாயமான செலவு. மற்றவர்களுக்கு அவசியமில்லை. 2017-ல் வந்து வீடு வீடாக நுழைந்த சரேகமா கார்வானும்கூட ஒலித் தரத்தைக் காட்டி ஜெயிக்கவில்லை. 5,000 பழைய பாட்டு உள்ளேயே இருந்தது, திருகினால் பாடியது. வீட்டுப் பெரியவர்களுக்கு அது போதும்.

கார்டில் ஏத்திய பாட்டு

மெமரி கார்டில் பாட்டு ஏத்திக் கொடுத்த கடைகள் நினைவிருக்கிறதா? சிடியில் இருக்கும் பாட்டு நொடிக்கு 1,411 கிலோபிட். அன்று சுற்றிய எம்பி3-களில் பெரும்பாலானவை 128. ஐந்து நிமிடப் பாட்டு 53 எம்பி-யிலிருந்து 5 எம்பி-க்குச் சுருங்கும். பெரிய சத்தத்தின் நிழலில் காது எப்படியும் கவனிக்காத சின்னச் சத்தங்களைத் தூக்கி எறிவதுதான் எம்பி3-யின் தந்திரம். 320 கிலோபிட்டில் இது பெரும்பாலானோருக்குத் தெரியவே தெரியாது. 128-ல் ஜால்ரா, கைதட்டல், ஹை-ஹாட் போன்றவை கொஞ்சம் தண்ணீர் தெளித்த மாதிரி கேட்கலாம்.

ஒருமுறை எறிந்தது திரும்பி வராது. பழைய 128 எம்பி3-யை ‘ஃப்ளாக்’ கோப்பாக மாற்றினால் கோப்பின் எடைதான் கூடும். அதை வாக்மேனில் போட்டாலும் கேட்பது அதே எம்பி3.

புளூடூத்திலும் இதே கதை. சோனியின் எல்டாக் அதிகபட்சமாக நொடிக்கு 990 கிலோபிட்தான் அனுப்பும். ஆப்பிள் போன்களில் அதிகபட்சம் ஏஏசிதான், அது இன்னும் குறைவு. ‘லாஸ்லெஸ்’ சந்தா கட்டிவிட்டு புளூடூத்தில் கேட்டால், கட்டிய காசில் ஒரு பகுதி காற்றோடு போகிறது.

நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

கடையில் இரண்டு பிளேயரை மாற்றி மாற்றிக் கேட்டு ‘இது சூப்பர்’ என்போம். பெரும்பாலும் அது கொஞ்சம் சத்தம் கூடுதலான பிளேயர். ஒரு டெசிபல் கூடினாலே போதும், மூளை அதைச் சத்தம் என்று சொல்லாது, ‘தரம்’ என்று சொல்லும். அதனால் முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள். ஒரே இயர்போன், ஒரே கோப்பு. ஈக்வலைசர், ‘பாஸ் பூஸ்ட்’ எல்லாம் ஆஃப். பிறகு நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எது எது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. பத்துக்கு ஐந்து, ஆறு சரியாகச் சொன்னால் அது காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். ஒன்பது சொன்னால் உங்கள் காது உண்மையாகவே கண்டுபிடித்துவிட்டது.

சோதிக்கப் பல கருவிகள் தனித்தனியாகக் கேட்கும் பாட்டை எடுங்கள். இளையராஜாவின் 1986 ஆல்பமான ‘ஹவ் டு நேம் இட்?’ இதற்குப் பொருத்தம். வயலினும் பாஸ் கிதாரும் எங்கே குழைகின்றன என்று கவனித்தால் போதும்.

பஸ்ஸுக்குள் நடப்பது

வீட்டில் தெரிந்த வித்தியாசம் பஸ்ஸில் தெரியாது. இன்ஜின் உறுமலும் டயர் இரைச்சலும் தாழ்ந்த ஒலிகள். பாட்டில் அவை முதலில் விழுங்குவது பாஸைத்தான். உடனே கை வால்யூமுக்குப் போகும். ஆபத்து அங்கேதான். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். போகவர தினமும் இரண்டரை மணி நேரம் கேட்பவருக்கு, செவ்வாய்க்கிழமை மாலை திண்டுக்கல் திரும்பும் முன்பே அந்த வாரக் கணக்கு முடிந்துவிடும். உட்காதின் நுண்ணிய செல்கள் கெட்டால் மறுபடி வளராது.

26 ஆயிரத்தைத் தொடும் முன் பத்து ரூபாய் வேலை ஒன்று இருக்கிறது: இயர்போனின் ரப்பர் முனையை ஒரு சைஸ் பெரிதாக்கிப் பாருங்கள். இறுக்கமாக உட்கார்ந்தால் வெளி இரைச்சல் குறையும், காணாமல் போன பாஸ் திரும்பும், வால்யூமை இரண்டு கட்டம் இறக்கலாம். அதுவும் போதாதவர்களுக்கு நாய்ஸ் கேன்சலிங் இயர்போன் இருக்கிறது. இன்ஜின் உறுமலைத்தான் அது மற்ற சத்தங்களைவிட நன்றாக அடக்கும். கண்டக்டர் விசிலையும் ‘சில்லறை குடுங்க’ குரலையும் முழுசாக அடக்காது.