மணல் கற்றுக்கொடுத்த வித்தை

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஓர் இளைஞர் முழங்காலை நெஞ்சோடு மடக்கி, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். தலையில் செம்பட்டை முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கையில் மங்கலாக ஒரு கறை. 2018இல் அகச்சிவப்பு ஒளியில் பார்த்தபோதுதான் அது கறையல்ல, பச்சை குத்திய காட்டுக்காளையும் காட்டாடும் என்று தெரிந்தது. எகிப்தின் கெபெலெய்ன் என்ற ஊரில் கிடைத்த இந்த உடலுக்கு வயது ஐயாயிரம் ஆண்டுக்கும் மேல். பதப்படுத்தியது எந்த வைத்தியனும் இல்லை. பாலைவனத்துச் சூடான மணல்.

உடல் அழுகக் காரணம் கிருமிகள். கிருமிகள் பிழைக்க ஈரம் வேண்டும். ஈரத்தை மணல் உறிஞ்சிவிட்டால் அவற்றுக்கு அங்கே வேலையில்லை. இந்தப் புனிதமான விஷயத்தில் இதைச் சொன்னால் அபசாரம்தான். ஆனாலும் கருவாடு போடுகிறவர்களுக்குத் தெரிந்த ரகசியமே இது.

பிற்பாடு எகிப்தியர்கள் இறந்தவருக்கு மரியாதை செய்வதாக நினைத்துப் பெட்டியும் செங்கல் கல்லறையும் கட்டினார்கள். மணலைத் தொடாத உடல் அழுகியது. மணல் சும்மா செய்துகொடுத்ததை இனி மனிதன் கைவேலையாகச் செய்தாக வேண்டும். மம்மிக் கலை இப்படி வளர்ந்தது என்றே அறிஞர்கள் பலரும் கருதுகிறார்கள்.

அதற்கும் இயற்கையே மருந்து வைத்திருந்தது. கெய்ரோவுக்கு வடமேற்கே வாடி நட்ரூன் பள்ளத்தாக்கில், வெயிலில் ஏரிகள் வற்றும்போது கரையில் வெள்ளையாக உப்புப் படியும். சோடியம் கார்பனேட், பைகார்பனேட், சாதாரண உப்பு எல்லாம் கலந்த அந்த நேட்ரான் உப்பு ஈரத்தை உறிஞ்சும், கிருமியை அடக்கும், கொழுப்பையும் கரைக்கும். குடலையும் ஈரலையும் எடுத்துவிட்டு, உடலை நேட்ரானால் மூடி ஏறத்தாழ 40 நாள் கிடத்துவார்கள். பிறகு பிசின், தைலம், மெல்லிய நார்த்துணிச் சுற்று. மொத்தம் 70 நாள். சிரியஸ் விண்மீனும் ஆண்டுதோறும் சுமார் 70 நாள் கண்ணில் படாமல் மறைந்திருந்து, ஒரு விடியலில் மீண்டும் எழும். அந்தக் காலத்தில் அதையொட்டி நைலில் வெள்ளம் வந்தது. வானத்தில் மறைந்தது திரும்புகிறது என்றால் மனிதனும் திரும்புவான் என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

மூளையை மூக்கு வழியே கொக்கியால் இழுத்து எறிந்துவிடுவார்கள். இதயத்தை மட்டும் தொட மாட்டார்கள். நினைவும் மனசாட்சியும் அங்கேதான் என்பது அவர்கள் நம்பிக்கை. மறுமையில் அதைத் தராசில் வைத்து, சத்தியத்தின் தெய்வமான ‘மாஅத்’தின் இறகோடு நிறுப்பார்களாம். இதயத் தட்டு தாழ்ந்தால், முதலைத் தலையுள்ள அம்மிட் என்ற பூதம் அந்த இதயத்தை விழுங்கிவிடும். அத்தோடு முடிந்தது, மறுவாழ்வு கிடையாது.

தனக்கெதிராகச் சாட்சி சொல்லாதே என்று இதயத்தை வேண்டும் மந்திரத்தைக் கல்லில் பொறித்து மார்பில் வைப்பார்கள். அந்தக் கல்லின் வடிவம் சாண வண்டு! மண்ணுக்குள் புதைத்த சாணத்தில் முட்டையிடும் வண்டு அது. அங்கிருந்தே புது வண்டு வெளியே வரும். புதைத்த இடத்திலிருந்து உயிர் எழுவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அந்த நம்பிக்கையை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். காலடியில் உருளும் சாண உருண்டையிலும் படைத்தவனின் கையெழுத்தைப் படித்த அந்தக் கண்ணை வணங்காமல் இருக்க முடியாது.

இப்படிப் பதப்படுத்தப்பட்டவர்களில் ஒருவரான, கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்செஸ் மன்னருக்கு எடுப்பான கழுகு மூக்கு. அது துணிச்சுற்றில் நசுங்கவில்லை, காரணம் உள்ளே மிளகு திணித்திருந்தார்கள். மிளகுக்கொடியின் பிறப்பிடம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. 2021 ஏப்ரலில் 22 அரச மம்மிகளை ஊர்வலமாகக் கெய்ரோவின் புதிய நாகரிக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். மன்னர் இப்போது அங்கேதான் இருக்கிறார். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவர் மூக்கைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.