காணாக்கடி

உடம்பில் திடீரெனத் தடித்துச் சிவந்து அரிப்பெடுத்தால் அதனைக் காணாக்கடி என்பது வழக்கம். கண்ணிற் படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்பதே பெயரின் கருத்து. தணிக்கைக்குச் சென்ற ஒரு தறிக்கூடத்தில் அங்கத்தினர் ஒருவர், மூன்று நாளாக மந்திரித்தும் குறையவில்லை என்று தம் தோளைக் காட்டினார். விசாரித்ததில், முதுகுவலிக்காகக் கடையில் வாங்கிய மாத்திரையை அதே மூன்று நாளாக விழுங்கி வருவது தெரிந்தது. ஆஸ்பிரின், டைக்குளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்குத் தடிப்பை எழுப்பும், இருப்பதை மிகுவிக்கும்.

தோலினடியில் மாஸ்ட் செல்கள் என்னும் அணுக்கள் உண்டு. அவை தூண்டப்பட்டால் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. உடனே நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிய, அவ்விடம் தடிக்கிறது. ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் சுவடின்றி மறைந்து, வேறிடத்தில் புதிதாக எழும்பும். சாயத்தினால் கையில் உண்டாகும் சொறி அவ்விதம் மறையாது. நாட்கணக்கில் நின்று தோலுரியும். ஐயமிருந்தால் தடிப்பைச் சுற்றிப் பேனாவினால் கோடிட்டு மறுநாள் பாருங்கள். அதே இடத்தில் நிலைத்திருந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டியதுதான்.

நமது ஜில்லாவில் ரப்பரை நாம் மறக்கலாகாது. ரப்பர்ப் பாலிலுள்ள சில புரதங்கள் சிலருக்கு ஒவ்வாதவை. ரப்பர்க் கையுறையினால் தடிப்பு வருவதைப் பற்றி 1979-இல் பிரிட்டனில் எழுதப்பட்டது. இவ்வொவ்வாமை உடையோரில் சிலருக்கு வாழைப்பழமும் பப்பாளியும் கூட ஆகா; அவற்றிலுள்ள புரதங்கள் ரப்பரின் புரதத்தை ஒத்தவை. ஆகவே பால்வெட்டுபவருக்கு மட்டிப்பழம் தின்றதும் வாய் அரித்தால், பழத்தோடு ரப்பரையும் சந்தேகிக்க வேண்டும். பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ செல்லும்போது இதனை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுவது அவசியம்.

மீனின் கதை வேறு. சூரையும் அயிலையும் ஐஸின்றிக் கிடந்தால் அவற்றின் தசையிலேயே ஹிஸ்டமின் உண்டாகிவிடும். கொதிக்க வைத்தாலும் அழியாது. ஒரே குழம்பை உண்ட பலருக்கும் முகம் சிவந்து தடித்தால் பெரும்பாலும் காரணம் இதுவே. இதற்காக ஆயுள் முழுவதும் மீனை விலக்க வேண்டியதில்லை. ஆறு வாரத்திற்கு மேல் தொடரும் தடிப்புக்கும் உணவு காரணமாயிருப்பது அரிது. கத்தரிக்காய், முட்டை, கருவாடு என ஒவ்வொன்றாக விட்டு உடல் மெலிந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளே முதற் சிகிச்சை. இவற்றைக் கண்டறிந்ததில் பெரும் பங்குடைய டேனியல் போவே 1957-இல் நோபல் பரிசு பெற்றார். குளோர்பெனிரமைன் போன்ற பழைய மாத்திரைகள் தூக்கம் தரும். அவற்றை உண்டு தென்னையேறுவதும் வண்டியோட்டுவதும் ஆபத்து. தூக்கம் குறைந்த புதிய மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டுப் பெறலாம்.

உதடோ நாக்கோ வீங்கினாலும், குரல் கம்மினாலும், மூச்சு முட்டினாலும், தலைசுற்றி மயக்கம் வந்தாலும் மந்திரிக்கக் காத்திருத்தல் உயிருக்கே கேடு. அப்போது வேண்டியது தொடைத்தசையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையோ அருகிலுள்ள வேறு மருத்துவமனையோ, முதலில் எட்டுவதற்குச் செல்லுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரச் செய்யுங்கள். கடைசியாக உண்ட மாத்திரையின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.