பால் கவருக்குக் காசு வருது... ஷாம்பு பாக்கெட் மட்டும் ஏன் சாக்கடைக்குப் போகுது?

போன ஐப்பசி மழையில் எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டது. முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மறுநாள் காலையில் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேர் வந்து வடிகால் மூடியைத் தூக்கினார்கள். நீளக் கம்பியை விட்டுக் கிளறி, உள்ளே சிக்கியிருந்ததை எல்லாம் இழுத்துத் தெருவோரம் குவித்தார்கள். இருவரில் ஒருவருக்கு ஒரு கையில் மட்டும்தான் கையுறை இருந்தது.

டீக்கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன். சேறு, தேங்காய் நார், ஒற்றைச் செருப்பு. மீதி எல்லாம் பளபளவென்று பாக்கெட்டுகள். ஷாம்பு, சிப்ஸ், அஞ்சு ரூபாய் பிஸ்கட், சாஸ், தடை செய்யப்பட்டும் கிடைத்துக்கொண்டே இருக்கிற பாக்கு வகையறா. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அந்தக் குவியலில் ஒரு பால் பாக்கெட்கூட இல்லை. எங்கள் தெருவில் நாற்பது வீடு. வீட்டுக்கு ரெண்டு என்று வைத்தாலும் தினமும் எண்பது பால் கவர் இந்தத் தெருவுக்குள் வருகிறது. எண்ணிக்கையில் ஷாம்பு பாக்கெட்டுக்குக் குறைந்ததில்லை. அதெல்லாம் எங்கே போனது?

கம்பி பிடித்திருந்த அக்காவிடம் கேட்டேன். "இதுல எங்க சார் பால் கவர் இருக்கும்? அதுக்குத்தான் காசு வருமே" என்றார். அவருடைய தள்ளுவண்டியின் பக்கவாட்டில் ஒரு கோணிப்பை தொங்கியது. தண்ணி பாட்டில், பால் கவர், அட்டை எல்லாம் அதற்குள் பத்திரமாக இருந்தது.

குப்பையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் விழிப்புணர்வு பற்றிப் பேசுகிறோம். மக்களுக்குப் பொறுப்பு இல்லை, கண்ட இடத்தில் போடுகிறார்கள் என்கிறோம். ஆனால் பால் கவரையும் ஷாம்பு கவரையும் கையாளுவது ஒரே மக்கள்தானே? ஒரே வீடு, ஒரே கை. ஒன்று பழைய பேப்பர் கடைக்குப் போகிறது, இன்னொன்று சாக்கடைக்குப் போகிறது. வித்தியாசம் மனசில் இல்லை, கவரில் இருக்கிறது.

கவருக்குள் என்ன இருக்கிறது?

பால் பாக்கெட் ஒரே வகைப் பிளாஸ்டிக். எல்டிபிஇ என்று சொல்லப்படும் மெல்லிய பாலிதீன். உருக்கினால் மறுபடி குருணையாகி, குப்பைப் பையாகவோ குழாயாகவோ வேறொன்றாகவோ மாறிவிடும். அதனால் அதற்கு வாங்க ஆள் இருக்கிறது. அரை லிட்டர் காலி கவர் ஒன்று ஏறக்குறைய மூணு கிராம் இருக்கும். தினம் ரெண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் ஒரு கிலோ சேர ஆறு மாசம் ஆகும். பெரிய வருமானம் ஒன்றும் இல்லைதான். ஆனால் நாற்பது வீட்டுக் கவரும் ஒரே கோணிப்பைக்குள் சேர்ந்தால், அந்த அக்காவுக்கு அது கணக்கில் வருகிற காசு.

ஷாம்பு சாஷே அப்படி இல்லை. பார்க்க ஒரே தாள் மாதிரி இருந்தாலும் அது பல அடுக்கு. மேலே அச்சடிக்க வசதியாக ஒரு பாலியஸ்டர் படலம், நடுவில் காற்றும் வெளிச்சமும் புகாமல் தடுக்க அலுமினியத் தகடு அல்லது உலோகப் பூச்சு, உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ள பாலிதீன். மூன்றையும் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க ஆகும் செலவு, பிரித்துக் கிடைக்கும் பொருளின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை எல்லாம் இதே ஜாதிதான்.

எடையையும் பாருங்கள். காலி சாஷே ஒரு கிராம்கூட இருக்காது. ஒரு கிலோ சேர்க்க ஆயிரத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். நாலு பேர் உள்ள குடும்பம், வாரம் ரெண்டு தலைக்குளியல் என்றால் வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அரைக் கிலோ தேறாது. சோதித்துப் பார்க்கலாமே என்று வீட்டில் கொஞ்ச நாள் சேர்த்து, ஒரு பையில் போட்டுப் பழைய பேப்பர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பையைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "இதை எடுத்துக்கறதுக்கு நான்தான் சார் உங்ககிட்ட காசு கேக்கணும்."

கடலூரில் பிறந்த பழக்கம்

இந்தச் சின்னப் பாக்கெட்டின் கதையில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. ஷாம்பு என்றால் வசதியானவர்கள் வாங்கும் பாட்டில் என்று இருந்த காலத்தில், அதைச் சாஷேயில் அடைத்துச் சில்லறைக்கு விற்கலாம் என்று யோசித்தவராகச் சொல்லப்படுபவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். கூலி வேலை செய்கிறவரும் ரிக்‌ஷா ஓட்டுகிறவரும்கூட வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தக் குடும்பத்திலிருந்து வந்தது வெல்வெட் ஷாம்பு. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் தனியாகப் பிரிந்து 1983-ல் தொடங்கியதுதான் பிறகு கெவின்கேர் ஆன நிறுவனம். 'சிக்' ஷாம்பு சாஷே கிராமத்துப் பெட்டிக்கடை வரை போனது.

அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவழிக்கிற வீட்டுக்கு, நூறு ரூபாய் பாட்டில் என்பது ஒரு நாள் சமையல் செலவு. ஒரு ரூபாய்ப் பாக்கெட் அப்படி இல்லை. இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பெரிய அளவில் வாங்கினால் மலிவு என்பதுதானே பொது விதி? ஷாம்புவில் பெரும்பாலும் அது தலைகீழ். அடுத்த முறை கடைக்குப் போனால் ஒரு ரூபாய்ச் சாஷேயில் எத்தனை மில்லி என்று பார்த்து, அதே பிராண்டின் பாட்டிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாஷேதான் லாபமாக இருக்கும். எங்கள் வீட்டிலும் சரம்தான் தொங்குகிறது. பாட்டில் வாங்கினால் பையன் ஒரு வாரத்தில் கவிழ்த்துவிடுவான். ஆகவே 'சாஷே வாங்காதீங்க, பெரிய பாட்டில் வாங்குங்க' என்கிற அறிவுரை, அதிகக் காசு கொடு என்று சொல்வதாகத்தான் கேட்கிறவர் காதில் விழும்.

இந்தக் கதையில் பலருக்கு மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. சிக் ஷாம்பு சந்தையைப் பிடிக்கப் போராடிய காலத்தில் அந்த நிறுவனம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம். கொஞ்ச காலம் கழித்து, சிக் சாஷே மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார்கள். சுற்றுச்சூழலுக்காக யாரும் அதைச் செய்யவில்லை. அது விற்பனை உத்தி, பிரமாதமாக வேலையும் செய்தது. ஆனால் அந்தக் கொஞ்ச காலம், காலி சாஷேக்கு ஒரு விலை இருந்தது. இன்று பொறுக்கவே முடியாது என்கிற அதே பொருளை மக்கள் எண்ணி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கான தடை 1.1.2019 முதல் நடைமுறைக்கு வந்தது. கேரி பேக், டம்ளர், தட்டு, உறிஞ்சுகுழல் என்று பட்டியல் போட்டார்கள். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. இரண்டும் நல்லதுதான். ஆனால் இவை அதிகம் குறிவைத்தது கடைக்காரர் பொருளைப் போட்டுத் தரும் பையை. அந்தப் பைக்குள் போகிற பொருள் ஆலையிலேயே அடைத்து ஒட்டி வரும் உறைக்குத் தடை தொடங்கியபோது விலக்கு இருந்தது. அந்த விதி பிறகு மாறினாலும், பெட்டிக்கடை வாசலில் தொங்கும் சரம் மாறவில்லை. மஞ்சப்பைக்குள் இருபது சாஷே போட்டு எடுத்து வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

மத்திய அரசின் 2016 பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தொட்டன. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டே ஆண்டுகளில் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. சரியாக இரண்டாவது ஆண்டில், 2018 மார்ச்சில், அந்த வரி திருத்தப்பட்டது. மறுசுழற்சி செய்ய முடியாதது, அல்லது எரித்து ஆற்றல் எடுக்க முடியாதது, அல்லது வேறு எதற்கும் பயன்படாதது என்று அந்த வாசகம் நீண்டது. எந்தப் பிளாஸ்டிக்தான் எரியாது? சிமென்ட் ஆலையின் சூளையில் 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும், நிலக்கரிக்குப் பதிலாக இதைப் போடலாம். ஆக, ஒழிக்க வேண்டிய பட்டியலில் இருந்த சாஷே, எரிபொருள் என்ற பெயரில் பிழைத்துக்கொண்டது.

சந்தையில் விட்ட பிளாஸ்டிக்குக்கு அந்தந்த நிறுவனமே பொறுப்பு என்று இன்னொரு விதியும் இருக்கிறது. ஆனால் கம்பெனி தன்னுடைய சாஷேயையே தேடிப் பிடித்து எடுக்க வேண்டியதில்லை. எங்கோ ஓர் ஆலையில் அதே அளவு அதே வகைப் பிளாஸ்டிக் கையாளப்பட்டதற்கான சான்றிதழை வாங்கிக் கணக்கைச் சரிசெய்யலாம். காகிதத்தில் கணக்கு நேராகிவிடும். எங்கள் தெரு வடிகால் அந்தக் கணக்கில் வராது.

பத்து ரூபாய் செய்த வேலை

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இங்கேயே இருக்கிறது. நீலகிரி காடுகளில் வீசப்படும் மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் தொடர்ச்சியாக 2022 மே மாதம் நீலகிரி மாவட்ட டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருவார்கள். போதையில் இருக்கிறவருக்கு ஏது விழிப்புணர்வு என்று சிரித்தவர்கள் உண்டு. பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடித்தவரே கொண்டுவர வேண்டும் என்றுகூட இல்லை. அவர் வீசினாலும், பத்து ரூபாய் கிடக்கிறது என்று இன்னொருவர் குனிந்து எடுப்பார். திட்டம் பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

சிக்கல் இல்லாமல் இல்லை. காலி பாட்டிலை அடுக்கி வைக்கக் கடையில் இடம் இல்லை, ஸ்டிக்கர் ஒட்டவும் எண்ணவும் ஆள் இல்லை என்று டாஸ்மாக் ஊழியர்கள் பல இடங்களில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திரும்ப வாங்கும் வேலையைக் கூலி இல்லாமல் கடைசிக் கண்ணியில் இருப்பவர் தலையில் கட்டினால் எந்தத் திட்டமும் ஒரு கட்டத்தில் நின்றுபோகும்.

சரி, ஷாம்பு பாக்கெட்டுக்கும் இதைச் செய்யலாமா? ஒரு ரூபாய்ப் பொருளுக்குப் பத்து ரூபாய் வைப்புத்தொகை நடக்காது. ஐந்து பைசா, பத்து பைசாவுக்கு இன்று நாணயமே இல்லை. ஆனால் பத்துக் காலி கவருக்கு ஒரு புதுச் சாஷே என்று கம்பெனியே கொடுக்கலாம், கடைக்காரருக்கு அதில் ஒரு கமிஷனும் வைக்கலாம். முடியாத காரியம் இல்லை, ஒருமுறை நடந்ததுதான். அது பெரிய தொல்லை என்று கம்பெனிகள் நினைத்தால் அடுக்குகளை விட்டுவிட்டு, பால் கவர் மாதிரி ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் உறை செய்யட்டும். பழைய பேப்பர் கடைக்காரர் கண்ணுக்கு அது பொருளாகத் தெரியத் தொடங்கும்.

உதிரியாக ஊற்றி விற்கலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கெட் சும்மா வந்துவிடவில்லை. 1998-ல் டெல்லியில் கலப்படக் கடுகு எண்ணெயைச் சாப்பிட்டுப் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் சமையல் எண்ணெயை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உறை ஒரு நம்பிக்கையும்கூட. ஷாம்புவுக்கும் துணி சோப்புத் திரவத்துக்கும் பாட்டில் கொண்டுபோய் நிரப்பி வரும் கடைகள் சில ஊர்களில் இருக்கின்றன. பக்கத்தில் இருந்தால் போகலாம். என் வீட்டுக்குப் பக்கத்தில் இல்லை.

அதுவரை பால் கவருக்காவது...

விலை உள்ள பொருளையும் நாம் கெடுத்துவிடுவது உண்டு. பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்ததும் ஒரு சின்ன முக்கோணம் தனியாக விழுகிறதே, அது யார் கையிலும் சிக்காது. பெருக்கும்போது குப்பையோடு போய்விடும். முழுசாக வெட்டாமல் நுனி ஒட்டிக்கொண்டிருக்கும்படி சின்னதாக ஒரு வெட்டுப் போட்டால் போதும், பால் நன்றாகவே ஊற்றும். பிறகு ஒரு முறை அலசி ஜன்னல் கம்பியில் செருகி வைத்தால் நாற்றம் இருக்காது. நாற்றமடிக்கும் கவரைக் கடையில் எடுப்பதில்லை. ஈரக் குப்பையோடு போட்டு முடிச்சுப் போட்டுவிட்டால் அந்தக் கவரைத் தேடி எடுக்க ஒருவர் அழுகிய சாம்பாருக்குள் கை விட வேண்டும். நாங்கள் இப்போது தனிப்பையில் சேர்த்து, வண்டியில் வரும் அக்காவிடமே கொடுத்துவிடுகிறோம். சாஷேயையும் தனியாகச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தோம். வாங்கி, வண்டியின் இன்னொரு பக்கம் போட்டுக்கொண்டார். கோணிப்பைக்குள் போடவில்லை.

அன்றைக்கு வடிகாலில் இருந்து எடுத்த குவியல், லாரி வரும் என்று சொல்லி மூடிக்குப் பக்கத்திலேயே விடப்பட்டிருந்தது. ரெண்டு நாள் கிடந்தது. மூன்றாம் நாள் ராத்திரி மறுபடி மழை. காலையில் பார்த்தபோது செருப்பும் தேங்காய் நாரும் அங்கேயே இருந்தன. பாக்கெட்டுகளில் பாதியைக் காணோம். தண்ணீரோடு மறுபடி உள்ளே போயிருந்தது.