நேரக் கணக்கும் பேசாப் பாவனையாளரும்

1996ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி இலங்கையின் மணிக்கூடுகள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. மின்சாரத் தட்டுப்பாடே அதற்குக் காரணம். அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆந் திகதி அரை மணி குறைக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி எஞ்சிய அரை மணியும் குறைக்கப்பட, கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய பழைய நேரம் மீண்டது. நேயர்களிற் பலர் இத்திகதிகளை மறந்திருப்பீர்கள். ஆனால் உங்கள் கையடக்கத் தொலைபேசி மறக்கவில்லை. 2001ஆம் ஆண்டில் வந்த மின்னஞ்சலொன்றைத் திறப்பீராயின், ஐந்தரை மணியன்று, ஆறு மணி வேறுபாட்டைக் கொண்டே அது அன்றைய நேரத்தைக் கணக்கிடும். இந்த ஞாபகம் அதற்கு எங்கிருந்து வந்தது?

உலக நேர வலயங்களின் பட்டியல் ஒன்று உண்டு. எந்த ஊரில், எந்த நாளில், மணிக்கூடு எவ்வளவு மாற்றப்பட்டது என்பதைச் சாதாரண எழுத்துக் கோப்புகளிற் குறித்து வைத்திருப்பதே அப்பட்டியல். கொழும்புக்கும் அதில் ஓர் இடம் உண்டு. 1980களில் இதனைத் தொடங்கி நெடுங்காலம் பேணியவர் ஆதர் டேவிட் ஓல்சன் என்பவர். அவர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஊழியராயிருந்தவர். புற்றுநோய்க்கும் மணிக்கூட்டுக்கும் என்ன உறவு என்று வினவலாம். கணினி புகுந்த இடமெங்கும் அதன் நேரத்தைத் திருத்தும் தொல்லையும் உடன் புகுந்துவிடுகிறது அன்றோ? அவருக்குப் பின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் எக்கட் அப்பொறுப்பை ஏற்றார். பல நாட்டுத் தன்னார்வலர் தத்தம் ஊர்ச் செய்திகளை எழுதியனுப்புகின்றனர்.

இது திறந்த மூலமாக வழங்கப்படுவது. பெரும்பாலும் பொதுவுடைமையாகவே விடப்பட்டது. எடுப்போர் விலை கொடுப்பதில்லை, அனுமதி கேட்பதுமில்லை. லினக்ஸ், அன்ட்ரொயிட், ஐபோன், ஜாவா ஆகிய யாவும் இதனையே உட்கொண்டுள்ளன. வின்டோஸ் மாத்திரம் தனக்கெனத் தனிப்பட்டியல் வைத்திருக்கிறது. ஆகவே கோடிக்கணக்கானோர் நாள்தோறும் இதனைப் பயன்படுத்துகின்றனர்; தாம் பயன்படுத்துவதை அவருள் மிகப் பெரும்பாலோர் அறியார்.

கேளாமல் எடுக்கலாம் என்னும் அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்பது செய்தவருக்குத் தெரியாது. குறை கூறுவோரின் குரல் கேட்கும்; நன்றி கூறுவோரின் குரலும் ஒரோவழி கேட்கும்; மற்றையோர் பேசார். டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பினர், சம்மதித்த பாவனையாளரின் கணினியிலிருந்து மாத்திரம் எவ்வெம் மென்பொருள்கள் உள்ளன என்ற கணக்கைப் பெறுகின்றனர். அது நேர்மையான முறையே. ஆயினும் சம்மதம் தராதோர் அக்கணக்கில் அகப்படார். எல்லாரையும் எண்ண வேண்டுமாயின் எல்லாரையும் வேவு பார்க்க வேண்டும். அந்த மருந்து நோயினும் கொடியது.

எனவே, பேசாதவர் இருப்பது பெரும்பாலும் ஏதேனும் தடைப்பட்டபொழுதே வெளிப்படுகிறது. 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், சோதிட மென்பொருள் விற்கும் அமெரிக்க நிறுவனமொன்று, தன் நூலிலிருந்து பழைய நேர விவரங்கள் எடுக்கப்பட்டன என்று ஓல்சன் மீதும் எக்கட் மீதும் வழக்குத் தொடுத்தது. ஒக்டோபர் 6ஆந் திகதி பட்டியல் இருந்த கணினிச் சேவை மூடப்பட்டது. அதுவரை ஓரிருவர் தோள்மேல் இவ்வளவு பெரும் பாரம் இருந்ததென்பதை உலகம் அன்றே உணர்ந்தது. அம்மாதத்திலேயே இணையப் பெயர்களை நிருவகிக்கும் ஐகான் அமைப்பு அதனைப் பொறுப்பேற்றது. 2012 பெப்ரவரியில் வழக்கும் மீளப் பெறப்பட்டது.

இதனினும் நுட்பமான பாடம் அயர்லாந்திலிருந்து வந்தது. கோடையில் மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ளும் நாடுகளில், குளிர்கால நேரமே நியம நேரம். கோடையில் அதனோடு ஒரு மணி கூட்டப்படும். அயர்லாந்தின் சட்டமோ தலைகீழானது. 1968ஆம் ஆண்டின் சட்டமும் அதனைத் திருத்திய 1971ஆம் ஆண்டின் சட்டமும் கோடை நேரத்தையே நியமமாகக் கொண்டு, குளிர்காலத்தில் ஒரு மணியைக் கழிக்கின்றன. டப்ளின் நகர மணிக்கூட்டைப் பார்ப்பவருக்கு இதனால் எவ்வித வேறுபாடும் இல்லை. ஆயினும் சட்டத்துக்கு இயையப் பட்டியல் அமைதல் வேண்டுமென்று கருதி, 2018 ஜனவரியில் அயர்லாந்தின் குளிர்காலத்துக்குக் கழித்தற் குறியிட்ட எண்ணொன்றை எழுதினர். எழுதியது சரி, பட்டியலின் விதிகளில் அதற்குத் தடையுமில்லை. ஆனால் இக்கோப்புகளைப் படிக்கும் சில மென்பொருள்கள், ஜாவாவின் கருவி உட்பட, கூட்டப்படும் நேரம் ஒருபோதும் பூச்சியத்தினும் குறையாது என்று நம்பி எழுதப்பட்டிருந்தன. அவ்வாறு ஒருவரும் வாக்களித்ததில்லை. பல்லாண்டுகளாக அப்படியே இருந்ததனால் அவர்கள் அதனை வாக்காகக் கொண்டுவிட்டனர். மென்பொருள்கள் தடுமாறின. அப்பொழுதே அவர்கள் வாய் திறந்தனர்.

உங்கள் பிழையை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று பட்டியலார் கூறியிருக்கலாம். நியாயமும் அவர் பக்கமே இருந்தது. எனினும் அம்மாதத்திலேயே மாற்றத்தைத் திரும்பப் பெற்றனர். பின்னர் அதனை மீளச் சேர்த்தபொழுது, பழைய மென்பொருள்களும் படிக்கத்தக்க ‘பின்காவல்’ வடிவமொன்றையும் உடன் வழங்கினர். தம்மை அறியாதோர்க்காக இத்தனை பாடுபட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அரசாங்கங்களும் இப்பட்டியலின் பேசாப் பாவனையாளரே. நேரத்தை மாற்ற எண்ணுவோர் ஓராண்டுக்கு முன்னரேனும் அறிவியாவிடின் சில கணினிகளின் மணிக்கூடுகள் பிழைபடக்கூடும் என்று பட்டியலார் எச்சரித்திருக்கின்றனர். 2023ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி லெபனான் அரசாங்கம், இரண்டு நாளில் வரவிருந்த கோடை நேரத்தை நோன்பு முடியும்வரை ஒத்திவைப்பதாக அறிவித்தது. அன்றே பட்டியலில் திருத்தம் வெளியிடப்பட்டது. மறோனைட் திருச்சபையும் சில ஒலிபரப்பு நிலையங்களும் ஒத்திவைப்பை ஏற்கவில்லை. மார்ச் 27ஆந் திகதி அரசாங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. மறுநாளே பட்டியலார் மற்றொரு வெளியீட்டால் முந்திய திருத்தத்தை நீக்கினர். இடைப்பட்ட நாள்களில் பெய்ரூத் நகரத்தார், தம் கையிலுள்ள தொலைபேசி காட்டும் நேரம் எவருடைய நேரமென்று ஒருவரையொருவர் வினவிக்கொண்டிருந்தனர்.