ஆங்கிலப் பந்தியும் உச்சமுனைப் பிள்ளைகளும்: சாதாரண தர கிரகித்தல் வினாக்களுக்கு விடையளிப்பது எப்படி?

கடந்த வருடம் உச்சமுனையைச் சேர்ந்த மீனவச் சகோதரர் ஒருவர் ஒரு கடிதத்துடன் என்னிடம் வந்தார். படகு இயந்திரத்திற்கு எடுத்த கடனில் சில தவணைகள் பாக்கி. கடன் கொடுத்த நிறுவனம் ஆங்கிலத்தில் அறிவித்தல் அனுப்பியிருந்தது. வீட்டில் மகன் சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தியடைந்தவன். அவன் வாசித்துச் சொன்னானாம்: "பதினாலு நாளைக்குள்ள பாக்கியக் கட்டினா வழக்குப் போடுவாங்களாம் வாப்பா." மனிதர் குழம்பிப்போனார். கட்டினால் வழக்கு என்றால் கட்டாமல் இருப்பதுதானே நல்லது? அப்படியே பதினொரு நாட்கள் போய்விட்டன.

கடிதத்தில் இருந்த சொல் 'அன்லெஸ்'. கட்டாவிட்டால் வழக்கு. மகனுக்கு 'அரியர்ஸ்', 'லீகல் எக்ஷன்' போன்ற பெரிய சொற்கள் எல்லாம் தெரிந்திருந்தன. வசனத்தின் முதலில் நின்ற சின்னச் சொல்லைத்தான் தாண்டிப் போயிருந்தான். பணம் மூன்று நாட்களுக்குள் புரட்டப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றிலிருந்து கிரகித்தல் பாடத்தை நான் வெறும் புள்ளிக்குரிய விடயமாகப் பார்ப்பதில்லை.

கல்பிட்டியிலிருந்து படகேறி வார இறுதிகளில் அங்கு போய் ஒரு சிறிய வகுப்பு நடத்தி வருகிறேன். ஓர் ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கரைப் பிள்ளைகளில் சிலர் ஆங்கிலம் பேசுவார்கள். காற்றாடிச் சறுக்கலுக்கும் டொல்பின் பார்க்கவும் வரும் வெள்ளைக்காரர்களோடு பழகிய பேச்சு. கடலில் நின்று சரளமாகப் பேசுகிறவன் வினாத்தாளில் ஒரு பந்தியைக் கண்டதும் ஊமையாகிவிடுகிறான். உயர்தரத்துக்குப் போக தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும்; அந்த ஆறில் ஆங்கிலம் கட்டாயமில்லை. ஆகவே பல பிள்ளைகள் பத்தாம் தரத்திலேயே அதைக் கைவிட்டு விடுகிறார்கள். பெற்றோரும் கேட்பதில்லை.

சாதாரண தர ஆங்கிலத்தில் இரண்டு வினாத்தாள்கள். முதலாவது ஒரு மணித்தியாலம், இரண்டாவது இரண்டு மணித்தியாலம். இரண்டிலும் சேர்த்துப் பதினாறு சோதனைகள். அவற்றில் வாசித்து விடையளிக்கும் பகுதிக்குத்தான் நம் பிள்ளைகள் அதிகம் பயப்படுகிறார்கள். கட்டுரை எழுதச் சொற்கள் வேண்டும், இலக்கணம் வேண்டும். கிரகித்தலில் விடை முழுவதும் கண்முன்னே அச்சிடப்பட்டுக் கிடக்கிறது. இருந்தும் புள்ளி போகிறது என்றால் வாசிக்கும் முறையில்தான் கோளாறு.

ஒருமுறை நானே ஒரு பந்தி எழுதிக்கொண்டு போனேன், கல்பிட்டிக் கடல் டொல்பின்களைப் பற்றி. தெரிந்த விடயம் என்றால் எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். 'நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருப்பதால் டொல்பின் பார்க்க அந்த மாதங்களில் பயணிகள் வருகிறார்கள்' என்ற கருத்தில் ஒரு வசனம் ஆங்கிலத்தில் இருந்தது. ஏன் அந்த மாதங்களில் வருகிறார்கள் என்பது வினா. வகுப்பில் கெட்டிக்கார மாணவன் எழுதிய விடை: அவர்கள் நாட்டில் அப்போது குளிர்காலம்.

"சேர், பிழையா? வெள்ளைக்காரங்க எல்லாரும் அதத்தானே சொல்றாங்க?"

"பிழையில்ல மகன். ஆனா பந்தியில அது எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்."

விரலை வைத்து வரிவரியாகத் தேடினான். இல்லை. புள்ளி போடவில்லை; எனக்கும் மனம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அவன் சொன்னது உலகத்தில் உண்மை. தெரிந்த விடயம் வரும்போதுதான் அதிகம் கவனம் வேண்டும் என்பதை அன்று நானும் சேர்ந்து படித்தேன். இப்போது எங்கள் வகுப்பில் ஒரு விதி இருக்கிறது: விடை எழுதுமுன் அதற்குரிய வரியில் பென்சிலால் கோடு போட வேண்டும். கோடு போட வரி இல்லையென்றால் அந்த விடை நம் தலையிலிருந்து வந்தது, பந்தியிலிருந்து அல்ல.

வெளிநாடு போக நினைக்கும் இளைஞர்கள் எழுதும் ஐயெல்ட்ஸ் பரீட்சையிலும் இதே பொறிதான். அங்கே வாசிப்புப் பகுதிக்கு அறுபது நிமிடம், மூன்று நீண்ட பந்திகள், நாற்பது வினாக்கள். சரி, பிழை என்பவற்றோடு 'நாட் கிவன்', அதாவது பந்தியில் சொல்லப்படவில்லை என்று மூன்றாவது தெரிவும் உண்டு. 'வெள்ளைக்காரர் நாட்டுக் குளிர்காலத்தில் வருகிறார்கள்' என்ற கூற்று அங்கே வந்தால் விடை 'நாட் கிவன்'. அத்துடன் 'இரண்டு சொற்களுக்கு மேற்படாமல்' என்று கேட்டால் மூன்றாவது சொல் எழுதியவுடன் விடை போய்விடும். அறிவுறுத்தலை வாசிப்பதும் கிரகித்தல்தான்.

பந்தியை முதலில் வாசிப்பதா, வினாவை முதலில் வாசிப்பதா? டியூஷன் வகுப்புகளில் வினாவையே முதலில் வாசிக்கச் சொல்வார்கள். நானும் பல காலம் அப்படித்தான் சொன்னேன். பலவீனமான பிள்ளைக்கு அது உதவுவதில்லை என்பது இப்போது என் அபிப்பிராயம். வினாவில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதே சொல் பந்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே கொப்பி பண்ணிவிடுகிறார்கள். முதலில் பந்தியை ஒரே மூச்சில் வாசியுங்கள். விளங்காத சொல்லில் நிற்க வேண்டாம். யார், எங்கே, என்ன நடந்தது என்பது பிடிபட்டால் போதும். பிறகு வினாவை வாசித்து, பந்திக்குத் திரும்புங்கள். வினாக்கள் பெரும்பாலும் பந்தியின் ஒழுங்கிலேயே வரும் என்பதால் மூன்றாம் வினாவின் விடை பொதுவாக இரண்டாம் வினாவின் விடைக்குக் கீழேதான் இருக்கும்.

தமிழில் சிந்திக்கும் பிள்ளைக்கு ஆங்கில வசனம் வைக்கும் கண்ணி வேறு. 'தம்பி நேற்றுச் சரிசெய்த வலை மறுபடியும் கிழிந்துவிட்டது' என்கிறோம். வலையும் கிழிந்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் 'த நெட் மை பிரதர் மெண்டட் யெஸ்டர்டே இஸ் டோர்ன் அகெய்ன்'. வலை தலைப்பில், கிழிந்தது கடைசியில், நடுவில் தம்பி. எது கிழிந்தது என்று கேட்டால் சிலர் தம்பியின் ஏதோ ஒன்று என்று எழுதுகிறார்கள். நீண்ட வசனம் வந்தால் முதலில் பிரதான வினைச்சொல்லைக் கண்டுபிடித்து, அது யாருடையது என்று முன்னோக்கித் தேடிப் போக வேண்டும்.

'தே' என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்ற வினாவும் அடிக்கடி வரும். நமக்கு மனிதர் என்றால் அவர்கள், மீன் என்றால் அவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'தே'. ஊகிக்க வேண்டாம். முன்னால் உள்ள பன்மைப் பெயர்களை ஒவ்வொன்றாக அந்த இடத்தில் வைத்து வசனத்தை வாசித்துப் பாருங்கள். மீனவர்கள் முட்டையிட்டார்கள் என்று வந்தால் அது மீனவர்கள் இல்லை என்று தானாகத் தெரியும்! வகுப்பே சிரித்த உதாரணம் இது, அதனாலேயே மறக்கவில்லை.

ஒத்த கருத்துச் சொல்லைத் தேடும் வினாவில் எந்தப் பந்தி என்று குறிப்பிட்டிருந்தால் அந்தப் பந்திக்கு வெளியே போகாதீர்கள். கொடுத்த கருத்து இறந்தகாலத்தில் இருந்தால் விடையும் இறந்தகாலத்தில், பன்மையென்றால் பன்மையில். எழுத்துப் பிழையில்லாமல் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதுங்கள்.

சரி பிழை வினாக்களில் 'ஓல்', 'ஒன்லி', 'ஓல்வேய்ஸ்', 'நெவர்' ஆகிய சொற்களைச் சுற்றி வட்டமிடுங்கள். பந்தியில் 'சில மீனவர்கள்' என்றிருக்க, கூற்றில் 'எல்லா மீனவர்களும்' என்று வந்தால் அது பிழை. 'அன்லெஸ்', 'ஆல்தோ', 'அன்டில்', 'ஹவெவர்' போன்றவற்றையும் வட்டமிட எங்கள் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். அந்தக் கடன் கடிதத்தை, பெயரையும் தொகையையும் மறைத்துப் பிரதி எடுத்து, தகப்பனின் சம்மதத்தோடு வகுப்பில் பயிற்சித்தாளாகக் கொடுக்கிறேன். மகனும் அதே வகுப்பில் உட்கார்ந்து இளையவர்களுக்குத் திருத்திக் கொடுக்கிறான்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். கடந்தகால வினாத்தாள் புத்தகம் வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், வாரத்தில் ஒரு நாள் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, எழுதிய விடைக்குரிய வரியைக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. விரல் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். தடுமாறினால் அது ஊகித்து எழுதியது.

பரீட்சை மண்டபத்தில் கடைசி ஐந்து நிமிடத்தை வெற்றிடங்களுக்கென்று ஒதுக்குங்கள். பிழையான விடைக்கு சாதாரண தரத்தில் புள்ளி கழிப்பதில்லை. எதையும் வெறுமையாக விட்டுவிட்டு எழும்ப வேண்டாம்.